ஏஜிஎம்ல லிஃப்ட் தோத்துச்சு, தோக்கடிச்சது ஓட்டா வரிசையா?

செந்தூல்_பத்தாம்மாடி:
ஞாயித்துக்கிழமை எங்க பிளாட் ஏஜிஎம், அதாவது வீட்டுக்காரங்களோட வருஷக் கூட்டம். இருக்கற காசுக்கு ஒரு வேலைதான் செய்யலாம், கெட்டுப்போன ரெண்டாவது லிஃப்ட், இல்ல தண்ணி பைப், இல்ல சிசிடிவி. சேர்மன் மொதல்ல லிஃப்ட்டா பைப்பான்னாரு, லிஃப்ட் ஜெயிச்சுச்சு. அப்புறம் லிஃப்ட்டா சிசிடிவியான்னாரு, சிசிடிவி ஜெயிச்சுச்சு, உடனே மினிட்ஸ்ல எழுதிட்டாங்க. சிசிடிவியா பைப்பான்னு ஒரு தடவ கேளுங்கன்னேன், தேவையில்லயாம். வெளிய படிகிட்ட நின்னு நானே கேட்டேன், பைப்புக்குதான் ஆள் அதிகம்!

பிறை_அண்ணன்:
தங்கச்சி, எல்லாரும் விவரம் தெரிஞ்சவங்க, எது வேணும்னு யோசிச்சுதான் கை தூக்குறாங்க. மெஜாரிட்டி சொன்னா ஏத்துக்கணும்லா. தோத்தவங்க எல்லாம் மறுபடி எண்ணச் சொன்னா ஒரு வேலையும் நடக்காது.

கணக்கு_டீச்சர்:
அண்ணே, ஆளாளுக்கு தெளிவா இருந்தாலும் கூட்டத்துக்கு தெளிவு வரணும்னு இல்ல. உதாரணத்துக்கு, மேல் மாடிக்கு லிஃப்ட், பைப், சிசிடிவினு விருப்ப வரிசை. நடு மாடிக்கு பைப், சிசிடிவி, லிஃப்ட். கீழ சிசிடிவி, லிஃப்ட், பைப். மூணு குரூப்பும் சமம்னு வச்சு ஜோடி ஜோடியா எண்ணுங்க, லிஃப்ட் பைப்ப அடிக்கும், பைப் சிசிடிவிய அடிக்கும், சிசிடிவி லிஃப்ட்ட அடிக்கும், சுத்திக்கிட்டே இருக்கும். 1785லயே பிரான்ஸ்ல கொண்டோர்செங்கற கணக்கு மேதை இத எழுதிட்டாரு. சேர்மன் சிசிடிவியயும் பைப்பயும் மொதல்ல மோத விட்டிருந்தா கடைசில லிஃப்ட்தான் வந்திருக்கும்.

பிறை_அண்ணன்:
அப்ப 3, 2, 1னு பாயிண்ட் போடச் சொல்லுங்க, முடிஞ்சது.

கணக்கு_டீச்சர்:
போட்டா மூணுக்கும் 6 பாயிண்ட். சரி, பெயிண்ட்னு நாலாவதா ஒண்ண சேருங்க, 4லேர்ந்து 1 வரைக்கும் பாயிண்ட். மத்தவங்க பெயிண்ட்ட கடைசில வைக்க, மேல் மாடி மட்டும் லிஃப்ட்டுக்கு அடுத்து வச்சா லிஃப்ட் 9, மத்த ரெண்டும் 8. யாரும் கேக்காத பெயிண்ட் லிஃப்ட்ட ஜெயிக்க வச்சிருச்சு! மூணோ அதுக்கு மேலயோ சாய்ஸ் இருந்தா, வெறும் விருப்ப வரிசைய மட்டும் வச்சு, நியாயம்னு நாம நெனைக்கற எல்லா கண்டிஷனுக்கும் ஒத்துவர்ற முறையே கிடையாதுனு பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951ல நிரூபிச்சுட்டாரு.

பிறை_அண்ணன்:
அப்ப ஓட்டே வேணாங்கறீங்களா? அப்படின்னா சேர்மன் நெனச்சதுதான் சட்டம், அது இன்னும் மோசம்.

செந்தூல்_பத்தாம்மாடி:
ஓட்டு வேணும்ணே, ஓட்டு மட்டும் போதாதுங்கறேன். எங்களுக்கு மேல பதினோராவது மாடில ஒரு பாட்டி, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். இருக்கற ஒரு லிஃப்ட்டும் நின்னா பேரன் பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சு பக்கத்து வீட்டுக்காரரோட தூக்கிட்டு இறங்குறான், ஒவ்வொரு திருப்பத்துலயும் கீழ வச்சு மூச்சு வாங்கி. அவங்களுக்கு மெய்ண்டனன்ஸ் பாக்கி, அதனால ஓட்டே கிடையாது, மலேசியாவுல அடுக்குமாடி வீடுகளுக்கான ஸ்ட்ராட்டா சட்டம் அப்படி. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்னது இதுதானே, யாருக்கு எவ்வளவு கஷ்டம்னு ஒப்பிட்டுப் பாக்காம வெறும் வரிசைய எண்ணுறதாலதான் ஆரோ சொன்ன முட்டுச்சந்துல போய் நிக்கிறோம்னு.

பிறை_அண்ணன்:
பாட்டி கதை மனச கஷ்டப்படுத்துது, உண்மைதான். ஆனா யார் கஷ்டம் பெருசுனு யாரு அளக்கறது? கீழ் வீட்டுல ரெண்டு தடவ மோட்டார் சைக்கிள் திருடு போயிருக்கும், அவங்களும் அழுவாங்க. அந்த தராச கமிட்டி கைல குடுக்க எனக்கு பயமா இருக்கு.

செந்தூல்_பத்தாம்மாடி:
கமிட்டிகிட்ட குடுக்க வேணாம். கை தூக்கறதுக்கு முன்னாடி பேரனுக்கு அஞ்சு நிமிசம் மைக் குடுங்க, மோட்டார் போனவருக்கும் அஞ்சு நிமிசம் குடுங்க. மூணு ஜோடியயும் முழுசா எண்ணி போர்டுல எழுதுங்க. அடுத்த மீட்டிங்குக்கு இந்த ரெண்டயும் லெட்டரா எழுதி கையெழுத்து வாங்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் ரெண்டு மாடி முடிஞ்சுது.