ஐயத்தோடு முழுமனதாய் ஊழியம் செய்யலாமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறேன். தாயார் மறைந்தபின், ஜெபிக்கும்போதெல்லாம் கேட்பவர் இருக்கிறாரா என்ற ஐயம் எழுகிறது. இந்நிலையில் பிள்ளைகளுக்குப் போதிப்பது மாய்மாலம் ஆகாதா?

மறுமொழி 1: ஆகாது, சகோதரரே. மாற்கு 9ஆம் அதிகாரத்தில், அசுத்த ஆவி பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்றும் தன் அவிசுவாசம் நீங்க உதவவேண்டும் என்றும் ஒரே மூச்சில் கண்ணீரோடு கதறினான். இயேசு அவனைத் தள்ளிவிடாமல் பிள்ளையைக் குணமாக்கினார்.

மறுமொழி 2: அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது நான் அதிர்ந்துபோனேன். இறைவனின் அண்மையை உணராத உள்ளிருளில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் இருந்தபடியேதான் அவர் கொல்கத்தாவின் ஏழைகளுக்குத் தொண்டு செய்தார். உணர்வு வற்றியபின்னும் கொடுத்த வாக்கில் நிற்பதையே நான் முழுமனது என்பேன். ஆயினும் உங்கள் துக்கத்தை ஆயரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. வரும் ஞாயிறு பிள்ளைகளுக்கு அந்தத் தகப்பனின் கதையையே சொல்லப்போகிறேன்.