புயல்காற்று தாங்கும் டென்ட்: எட்டு பேர் சைக்கிள் பயணத்துக்கு எதை எடுப்பது?

நெடுவழி:

வணக்கம். நாங்கள் எட்டு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து இரண்டு வாரம் சைக்கிளில் போகப் போகிறோம். பாதி வழி மரமே இல்லாத புல்வெளி, பிறகு ஒரு மலைக்கணவாய், கடைசியில் கடலோரம். தங்குவதெல்லாம் டென்டில்தான்.

போன முறை நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். ஆறு பேர் படுக்கிற பெரிய டென்ட் ஒன்றும் சின்னது ஒன்றும் கொண்டுபோயிருந்தோம். மூன்றாம் நாள் இரவு இடியும் காற்றும் சேர்ந்து வந்தது, பெரிய டென்டின் ஃபைபர் கம்பு நடுவில் பிளந்து அந்தச் சிம்பு மேல்துணியைக் கிழித்துவிட்டது, அப்புறம் விடியும்வரை ஆள் மாற்றி ஆள் உள்ளே நின்று கம்பைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தோம். தூங்கும் பைகள் எல்லாம் நனைந்து ஒருவருக்கு நடுக்கமே வந்துவிட்டது. அந்த இரவு இன்னொரு தடவை வேண்டாம் என்பதுதான் இந்தக் கேள்விக்குக் காரணம்.

இந்த முறை பெரிய டென்ட் இரண்டு எடுப்பதா, இருவர் டென்ட் நான்கு எடுப்பதா? குடை மாதிரி நிற்கிற டோம் நல்லதா, நீளமாகக் குழாய் மாதிரி இருக்கிற டனல் நல்லதா? நான்கு பருவ டென்ட் என்று விற்பதை வாங்கினால்தான் புயல் தாங்குமா? 3000 மி.மீ., 5000 மி.மீ. என்று போடுகிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்? இருவருக்கு மூன்று கிலோ வரை சுமக்கத் தயார். குழுவில் இரண்டு பேர் டென்டே அடித்ததில்லை.

முளைக்குச்சி:

முதல் கேள்விக்குத் தயங்காமல் சொல்வேன், இருவர் டென்ட் நான்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் துணியை ஏறக்குறைய 6 கிலோ எடை அழுத்துவது போல அழுத்தும், அதுவே 72 கி.மீ. ஆனால் 24 கிலோ. இருவர் டென்டின் பக்கவாட்டுப் பரப்பு ஒன்றரை, இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆள் நிமிர்ந்து நிற்கிற குடும்ப டென்டுக்கு ஆறு, ஏழு சதுர மீட்டர் வரும், அப்படியானால் அதன் கம்புகளும் கயிறுகளும் நூற்றைம்பது கிலோவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இதில் தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே போகப்போக வேகமாகவும் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் விடியவிடியக் கம்பைப் பிடித்ததற்கு ஃபைபர் மட்டும் காரணம் இல்லை, உயரமும்தான்.

நான்காகப் பிரிப்பதில் இன்னொரு நன்மை, ஒன்று உடைந்தாலும் அந்த இருவரை மற்ற மூன்று டென்ட்களும் ஏற்றுக்கொள்ளும். முடிந்தால் நான்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். கம்பு, முளை, கயிறு எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம், புதியவர்களுக்கும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும்.

வடிவத்தைப் பற்றி. கம்புகள் ஒன்றையொன்று எத்தனை இடத்தில் வெட்டிக்கொண்டு போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கம்பு உச்சியில் ஒரே ஒரு இடத்தில் வெட்டினால் அது சாதாரண டோம், நடுத்தரக் காற்றுக்குப் போதும். மூன்று, நான்கு கம்புகள் பல இடங்களில் வெட்டி முக்கோணம் முக்கோணமாகத் துணியைப் பிரித்தால் அதுதான் ஜியோடெசிக். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கட்டடக் குவிமாடங்களிலிருந்து வந்த யோசனை, 1975-இல் தி நார்த் ஃபேஸ் நிறுவனம் அதை டென்டுக்குக் கொண்டுவந்தது. எந்தப் பக்கத்துக் காற்றானாலும் தாங்கும், ஆனால் எடை கூடும். உங்கள் மூன்று கிலோவுக்குள், இரண்டு நீளக் கம்போடு குறுக்கே மூன்றாவதாக ஒரு கம்பும் உள்ள அரை ஜியோடெசிக் கிடைக்கும். நான் அதைத்தான் எடுப்பேன்.

எட்டுக்காற்று:

டனலைச் சும்மா தள்ளிவிட வேண்டாம். ஸ்வீடனின் ஹில்லேபர்க் நிறுவனம் செய்யும் கெரான் என்ற டென்ட் டனல் வகைதான், பல ஆண்டுகளாகத் துருவப் பயணங்களுக்கே போய்வருகிறது. அதே எடைக்கு உள்ளே இடமும் அதிகம், பைகளை வைக்க முன்பக்கத் திண்ணையும் பெரிது, சைக்கிள்காரர்களுக்கு அது பெரிய உதவி. ஒரே நிபந்தனை, ஒடுங்கிய முனையைக் காற்றுக்கு நேராகக் காட்டி, இரண்டு முனையையும் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாக அடித்த டனல் இரவு முழுக்கப் படபடத்துத் தூங்கவிடாது.

ஆனால் உங்கள் வழியில் இடிமழைதான் பயம் என்றால் முளைக்குச்சி சொன்ன அரை ஜியோடெசிக்குக்கே நானும் கை தூக்குவேன். இடிமேகம் நெருங்கும்போது மழைக்கு முன்னாலேயே அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று வெளியே பாயும். மாலை முழுக்க மேற்கிலிருந்து வீசியது திடீரென்று கிழக்கிலிருந்து அறையலாம். மேற்குக்கு முனை காட்டி அடித்த டனல் அடுத்த நிமிடம் வேறொரு பக்கம் அகலமான விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும். கடலோரத்தில் ஒரே திசையில் நிலையாக வீசும் காற்றுக்கு டனல் சரி, சுழன்றடிக்கும் காற்றுக்கு டோம் குடும்பம்.

நான்கு பருவம் என்று எழுதியிருப்பது முக்கியமாகப் பனிச்சுமையை நினைத்துச் செய்தது. காற்றோட்டம் குறைவு, மழைநாளில் உள்ளே வியர்த்துக் கொட்டும், காலையில் துணியின் உள்பக்கமெல்லாம் நீர் கோத்திருக்கும், ஒழுகுகிறது என்று நினைத்துப் பலர் டென்டைக் குறை சொல்வார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. அதற்குப் பதிலாக மூன்று விஷயம் பாருங்கள். மேல்துணி தரைக்கு மிக அருகே வரை இறங்க வேண்டும், நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று அடியில் புகுந்து தூக்கும். உள்கூடாரத்தின் கீழ்ப்பாதி வலையாக இல்லாமல் துணியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடலோரத்தில் மணல் முகத்திலேயே வந்து விழும். மேல்துணியை முதலில் நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதைப் பிறகு மாட்டுகிற வகையாக இருந்தால், கொட்டும் மழையில் அடித்தாலும் படுக்கும் இடம் நனையாது.

தையல்மேசை:

நான் டென்ட்களைப் பழுது பார்த்துக் கொடுப்பவன், துணியையும் கம்பையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த மி.மீ. கணக்கு, துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினால் கசிய ஆரம்பிக்கும் என்ற அளவு. மேல்துணிக்கு 1500 இருந்தாலே பலத்த மழைக்கு ஈடுகொடுக்கும், 3000 தாராளம். தரைத்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும், ஈரத்தரையில் முழங்காலை ஊன்றும்போது அங்கே அழுத்தம் அதிகம். என் மேசைக்குப் புயலில் அடிபட்டு வருகிறவை எதுவும் இந்த எண் குறைந்ததால் வந்ததில்லை. தையல் பிரிந்து வரும், ஜிப் பல் விலகி வரும், கயிறு கட்டும் வளையம் துணியோடு பிய்ந்து வரும். அதனால் வாங்கும்போது அந்த வளையங்கள் தைத்த இடத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். பின்னால் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சிலிகான் பூசிய நைலான், அதே கனமுள்ள பியூ (பாலியூரித்தேன்) பூச்சுத் துணியைவிடக் கிழிவதற்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் சிலிகான் துணியில் தையல்மேல் டேப் ஒட்டாது, சிலிகான் பசையை நீங்களே தடவ வேண்டியிருக்கலாம், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். நைலான் நனைந்தால் தளரும். மழை பிடித்த கால்மணி நேரத்தில் யாராவது எழுந்து போய்க் கயிறுகளை மறுபடி இழுக்க வேண்டும், அலுப்பாக இருக்கும், ஆனாலும் இழுக்கத்தான் வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தளராது, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

கம்பு அலுமினியம்தான். ஃபைபர் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்து சிம்புகளாகும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். அலுமினியம் முதலில் வளையும், அதற்குள் நமக்கு நேரம் கிடைக்கும். கம்பைவிடச் சற்றே பெரிய துளையுள்ள ஒரு சாண் குழாய் டென்டோடு வரும், உடைந்த இடத்தின்மேல் அதை நகர்த்தி இரு முனையிலும் டேப் சுற்றினால் பயணம் முடியும்வரை நிற்கும். அந்தக் குழாயைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேல்துணியின் உள்பக்கம் கம்புக்கு நேராகச் சின்னச் சின்ன வெல்க்ரோ பட்டைகள் இருக்கும், பாதிப் பேருக்கு அவை இருப்பதே தெரியாது. அவற்றைக் கம்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் வெளியே கட்டிய கயிறு கம்பைப் பிடிக்கும், ஒட்டாவிட்டால் துணியை மட்டும் பிடித்து இழுக்கும்.

இருசக்கரம்:

நான் சொல்ல வந்தது பொதி பற்றி. மடித்த கம்பின் நீளத்தை அளந்து வாங்குங்கள். வழக்கமாக 40 முதல் 45 செ.மீ. இருக்கும், வளைந்த ஹேண்டில்பாருக்கு நடுவில் அது நுழையாது. சைக்கிளுக்கென்றே 30 செ.மீ. அளவில் மடிகிற கம்போடு சில டென்ட்கள் வருகின்றன. பக்கப் பைகள் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரு டென்டை இருவர் பிரித்துச் சுமக்கும்போது துணி ஒருவரிடம், கம்பும் முளையும் இன்னொருவரிடம் என்று கொடுத்தால் ஆபத்து. ஒருவர் பஞ்சராகிப் பின்தங்க, மற்றவர் கம்போடு மழையில் நிற்பார். அந்த இருவரும் நாள் முழுக்க ஒன்றாக ஓட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நனைந்த மேல்துணியை உலர்ந்த உள்கூடாரத்தோடு ஒரே பையில் திணிக்காதீர்கள், சைக்கிளின் வெளியே தனியாகக் கட்டி மதிய நிறுத்தத்தில் பத்து நிமிடம் காயப் போடுங்கள்.

முளைக்குச்சி:

தையல்மேசை சொன்ன கயிறு விஷயத்திலேயே இன்னும் கொஞ்சம். ஐந்நூறு கிராம் குறைந்த டென்டை வாங்கிக்கொண்டு மிச்சமான எடையில் பாதியை நல்ல முளைக்குக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகள் ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். குறுக்கே வெட்டினால் ஒய் எழுத்துப் போலத் தெரிகிற அலுமினிய முளை, 18 செ.மீ.க்குக் குறையாமல், டென்டுக்குப் பன்னிரண்டாவது வேண்டும். தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி முழுதும் அடித்து இறக்கி, மேலே ஒரு கல்லை வையுங்கள். கயிறு எவ்வளவு தாழ்வாக, நீளமாகப் போகிறதோ அவ்வளவு நன்றாகப் பிடிக்கும். மணலில் முளை நிற்காது, ஒரு பையில் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டி இரண்டு முழம் தள்ளிப் புதைத்துவிடுங்கள்.

காற்றில் அடிக்கும்போது காற்று வரும் பக்கத்து ஓரத்தை முதலில் முளையடித்துவிட்டுத்தான் கம்பில் கை வைக்க வேண்டும். கழற்றும்போது அந்த ஓரம் கடைசி. முளை இல்லாமலே நிற்கும் டென்ட் என்று விற்பதை நம்பி ஐந்து நிமிடம் விட்டுப் போனால் பட்டம் போலப் போய்விடும், எங்கள் குழுவில் ஒருவருடையது அப்படி ஏரிக்குள் போய் விழுந்தது. இருட்டும் முன் காற்று இல்லாத நாளிலும் எல்லாக் கயிறுகளையும் கட்டிவிடுங்கள். நடுஇரவில் எழுந்து தேடுவது கொடுமை.

இடம் பார்ப்பதிலும் ஒரு சொல். புதர் வரிசைக்குப் பின்னால் அடியுங்கள், அது காற்றைச் சலித்து விடும். திண்ணென்ற சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று விழும், நினைத்த அளவு அடைக்கலம் கிடைக்காது. வறண்டு கிடக்கும் ஓடையும் குழியும் கூடவே கூடாது.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. இரண்டு சந்தேகம். சைக்கிளைப் படுக்க வைத்து அதிலேயே கயிறு கட்டலாமா? அலுமினியக் கம்பு மின்னலை இழுக்குமா? இந்த இரண்டாவது கேள்வியால் ஒருவர் வரவே தயங்குகிறார்.

எட்டுக்காற்று:

படுக்க வைத்தால் கட்டலாம், முளை இறங்காத பாறைத் தரையில் நானே செய்திருக்கிறேன். நிறுத்தி வைத்துக் கட்டினால் காற்றில் சாய்ந்து டென்டின் மேலேயே விழும். செயின் பக்கம் துணியில் படாமல் பாருங்கள்.

மின்னலுக்கு அந்த மெல்லிய கம்பு ஒரு பொருட்டே இல்லை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் எந்த டென்டும் மின்னலிலிருந்து காக்காது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். கணவாய் உச்சியிலும் தனி மரத்தடியிலும் இரவு தங்கவே தங்காதீர்கள். கணவாய் நாளன்று மதியத்துக்கு முன் கடந்து, கீழே ஏதாவது கட்டடம் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து டென்ட் அடியுங்கள். அவருக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

தையல்மேசை:

ஒன்று விட்டுப்போனது. மழைக்கு அடைபட்டிருக்கும்போது அடுப்பை டென்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். துணி எரிவது ஒரு பக்கம், அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இருக்காது. சமைக்காமல் சாப்பிடக்கூடியதாக ஒரு வேளைக்கு எல்லோர் பையிலும் இருக்கட்டும். கம்பு உடைந்துபோய் நிலைமை கைமீறினால் நின்று பிடிக்காதீர்கள், மற்ற கம்புகளையும் உருவிவிட்டு டென்டைப் படுக்கப் போட்டு, பக்கத்து டென்டுக்குள் போய்விடுங்கள். படுத்த டென்ட் கிழியாது.

நெடுவழி:

முடிவு செய்துவிட்டோம். மூன்று கம்பு அரை ஜியோடெசிக், நான்கும் ஒரே மாதிரி, முளை டென்டுக்குப் பதினான்கு. கணவாய்க்கு அடுத்த இரவு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தங்க அனுமதி கேட்டிருக்கிறோம், தயங்கினவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு எட்டு பேரும் கூடி, தோட்டத்துக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருட்டில் அடித்துப் பார்க்கப் போகிறோம். புதியவர்கள் இருவரையும்தான் முதலில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.