முல்லைத்தீவில் இரண்டு இரவு: தரைத்தள அறையும் வான் வண்டியும் தேவை

வணக்கம். ஆவணி நடுவில் கொழும்பிலிருந்து நாலு பேர், வெள்ளி முதல் ஞாயிறு வரை முல்லைத்தீவு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். படியேற ஏலாது, கொமோட் இல்லாத கழிப்பறையும் சரிவராது. அறை எடுப்பதில் இதுதான் சிக்கல்.

வழி முடிவாகிவிட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து மாங்குளம் வரை ரயில். பிறகு ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், முள்ளியவளை, வற்றாப்பளை அம்மன் கோயில், முல்லைத்தீவு. ஏறக்குறைய 50 கிலோமீற்றர். திரும்பும்போது ஏ35 வீதியால் வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, பரந்தன், கிளிநொச்சியில் ரயில். இப்படிச் சுற்றினால்தான் நந்திக்கடல் களப்பை இரு பக்கமும் பார்க்கலாம். வற்றாப்பளைக் கோயில் வைகாசிப் பொங்கலுக்குச் சனம் கூட, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், அதனால்தான் ஆவணி. குளங்களில் தண்ணீர் வற்றியிருக்கும், பரவாயில்லை.

அறை பதியும் இணையத்தளங்களில் எந்த அறை தரைத்தளம் என்று தெரிவதில்லை. தொலைபேசியில் கேட்ட விடுதிகளில் மேல்மாடிதான் மிச்சம். பஸ் படி அம்மாவுக்கு உயரம். அவ்வளவு தூரம் ஓட்டோவில் காலை மடித்தபடி இருக்க வைத்தால் வீக்கம் கூடிவிடும். கிளிநொச்சியில் தங்கிப் போய்வரலாம் என்றும் பார்த்தோம், ஆனால் விடியற்காலைக் கடற்கரை கிடைக்காது. அம்மா ஆசைப்படுவதே கரைவலை இழுப்பதைப் பார்க்கத்தான்.

முல்லைத்தீவு நகரிலோ முள்ளியவளையிலோ கொமோட் உள்ள தரைத்தள அறையும், மாங்குளத்துக்கே வந்து ஏற்ற வானும் சேர்த்து ஒழுங்கு செய்து தரும் விடுதி எது?