புதுப்பிப்பு: கடையில் சேர்ந்த பழைய பேட்டரிகள்

செல்போன் சர்வீஸ் கடையில் கழற்றிப் போட்ட பேட்டரிகளும் பழைய யுபிஎஸ் பேட்டரிகளும் குவிந்துவிட்டன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

யுபிஎஸ் சமாச்சாரம் சுலபமாக முடிந்தது. புதியது வாங்கிய டீலரே பழையதை எடை போட்டு விலையில் கழித்துக்கொண்டார். காயலான் கடைக்காரர் கொஞ்சம் கூடவே தருவதாகச் சொன்னார், ஆனால் நான் அவரிடம் கொடுக்கவில்லை. ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஈயத்தை எங்காவது வெட்டவெளியில் உருக்குவார்கள் என்ற பயம்தான்.

செல்போன்களில் வரும் லித்தியம் பேட்டரிகள்தான் தலைவலி. பூரி மாதிரி உப்பிய செல்களைத் தனியே பிரித்து, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் புதைத்திருக்கிறேன். வாளியை இறுக மூடவில்லை, வாயு வெளியேற வழி வேண்டும். வெயில் படாத இடம், பக்கத்தில் அட்டைப்பெட்டி எதுவும் கிடையாது. கடைப் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வேலையே கூடாது, குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

அப்புறம், 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்துபவர் இவற்றை மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது. திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றிடம் பேசியிருக்கிறேன். சில்லறை அளவுக்கு வண்டி அனுப்ப மாட்டார்களாம். அதனால் எங்கள் தெருவின் மற்ற சர்வீஸ் கடைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே லோடாகக் கொடுக்கப்போகிறோம். பதிவுச் சான்றின் நகலும் ரசீதும் கேட்டிருக்கிறேன்.