கல்லைப் புரட்டியபோது தெரிந்தது: ஓடைகளைச் சோதித்த அனுபவங்கள்

ஓடைக்கரை:
ஓடையின் அடியில் வாழும் பூச்சிகளில் மாசைத் தாங்காதவை இருக்கின்றனவா, தாங்குபவை மட்டும்தானா என்று பார்த்தால் ஓடையின் நலம் தெரியும். அப்படிப் பார்க்கப் போன அனுபவம் இருந்தால் இங்கே பகிருங்கள். முதலில் என்னுடையது.

ஒரே ஓடையில் இரண்டு இடங்கள். மேற்பகுதி மரநிழலில் ஓடுகிறது. உதிர்ந்த இலைகள் ஊறி நீர் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கீழ்ப்பகுதியோ திறந்தவெளி, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரியும் தெளிவு. கீழேதான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டே வலையை இறக்கினேன். வலையின் வாயை நீர் வரும் திசைக்குக் காட்டி, அதற்குச் சற்று மேலே கற்களைக் காலால் கிளற வேண்டும். இரண்டு இடத்திலும் மூன்று மூன்று நிமிடம்.

மேற்பகுதியில் பிடித்ததை வெள்ளைத் தட்டில் கொட்டியதும் தட்டே நெளிந்தது. வயிற்றின் இருபுறமும் செவுள் துடிக்க, மூன்று வாலோடு மேஃப்ளை இளம்பூச்சிகள். இரண்டு வாலும், ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகமும் கொண்ட ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சிகள். மணல் துகள்களைத் தன் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டி, தலையை மட்டும் நீட்டிப் பார்த்த கேடிஸ்ஃப்ளை புழு. அந்தக் கூட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்பகுதித் தட்டில் சிவப்புப் புழுக்கள், நூல் போன்ற மண்புழு இனங்கள், இரண்டு அட்டை, சில நத்தை. வேறு எதுவும் இல்லை.

அந்தச் சிவப்புப் புழு, கொசு போலவே இருந்தாலும் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். அது இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கிறது. நல்ல ஓடையிலும் அது இருக்கும். அதுவும் அதன் கூட்டாளிகளும் மட்டுமே மிஞ்சியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இத்தனைக்கும் அன்று கீழ்ப்பகுதி நீரை மொண்டு சோதித்ததில் பிஎச் (அமில-கார அளவு), நைட்ரேட் இரண்டும் சரியாகவே இருந்தன. பிறகு பல தடவை போய் நின்றபோதுதான் இடையில் ஒரு குழாய் சில இரவுகளில் மட்டும் நுரையோடு ஓடுவதைப் பார்த்தேன். நாம் மொண்டு சோதிக்கும் நீர் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். பூச்சிகளோ மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பவை. இரவில் வந்துபோன அழுக்கு அவற்றின் மேல்தான் பட்டிருக்கிறது.

கூழாங்கல்:
உங்கள் கீழ்ப்பகுதிக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். 1970களில் பிரிட்டனில் உருவாகத் தொடங்கிய பிஎம்டபிள்யூபி, ஓடையில் கிடைக்கும் சிற்றுயிர்களை வைத்து நீரின் தரத்தை மதிப்பிடும் முறை. அதில் ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. மாசைத் தாங்காதவற்றுக்கு 10. உங்கள் மண்புழு இனம் 1, சிவப்புப் புழு 2, அட்டை 3, நத்தை 3 என்று வைத்தால் மொத்தம் 9. நான்கு குடும்பத்துக்குச் சராசரி 2.25. மிகவும் தாழ்ந்த நிலை. நான் மொத்தத்தைவிடச் சராசரியைத்தான் நம்புவேன், ஏனென்றால் அதிக நேரம் வலை போட்டாலே மொத்தம் ஏறிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேஃப்ளை கிடைத்தாலே ஓடை நலம் என்று ஒருமுறை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது பீட்டிடே குடும்பம். ஓரளவு மாசையும் தாங்கும், அதற்கு 4 மதிப்பெண்தான். மேஃப்ளையிலேயே 10 வாங்கும் குடும்பங்கள் வேறு. எந்தக் குடும்பம் என்று லென்ஸில் பார்க்காமல் இப்போது நான் எதையும் எழுதுவதில்லை.

விடியல்:
என் ஓடையில் பச்சை இழைப்பாசி பாய் விரித்தது போல மண்டியிருந்தது. பிற்பகல் 3 மணிக்கு அளந்தபோது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம். 20 டிகிரி நீர் காற்றிலிருந்து ஏற்கக்கூடியதே ஏறத்தாழ 9 தான். மீட்டர் பழுதோ என்று கூட நினைத்தேன். சந்தேகம் தீராமல் மறுநாள் விடியுமுன் போய் அளந்தேன்: 3. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகிறது, இரவு முழுக்க அதுவே சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. பகலில் மட்டும் அளந்திருந்தால் அருமையான ஓடை என்று பதிவு செய்திருப்பேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதை அந்த இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மணல்திட்டு:
எனக்கு வேறு மாதிரி. நீரில் எந்த மாசும் இல்லை, ஆக்சிஜன் நன்று, ஆனாலும் பூச்சி இல்லை. கல்லைப் புரட்டப் போனால் கல் அசையவே இல்லை; பாதிவரை வண்டலில் புதைந்திருந்தது. மேலே கரை மரங்களை வெட்டியதில் மழைக்கு மண் இறங்கி, கற்களின் இடுக்கெல்லாம் அடைபட்டுவிட்டது. அந்த இடுக்குகள்தான் பூச்சிகளின் வீடு. அதிலிருந்து, கற்கள் எவ்வளவு புதைந்திருக்கின்றன, கரையில் நிழல் எவ்வளவு என்பதை முதலில் குறித்துவிட்டு அப்புறம்தான் வலையை எடுக்கிறேன்.

ஓடைக்கரை:
விடியல், நீங்கள் சொன்னபிறகு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். எல்லா அளவும் காலை 10 மணிக்குப் பிறகு எடுத்தவை. அடுத்த முறை இருட்டிலேயே கிளம்புகிறேன். எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: புரட்டிய கல்லை அதே பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தில் முட்டைகள் ஒட்டியிருக்கும்.