மறு: குடல் நோய்க்குத் தாடையில் தெரியும் அடையாளங்கள் – சொல் தேவை

> 'குடல்புற வெளிப்பாடு' என்று வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம் ஐயா, குடல் நோய் குடலுக்கு வெளியே காட்டும் அடையாளம் என்ற பொருளில் பாடப்புத்தகத்துக்குச் சரி. ஆனால் பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசுகிற என்னைப் போன்ற பல் மருத்துவருக்கு அது உதவாது. குடலா தாடையா, எதில் முந்தித் தெரிகிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

கார்ட்னர் சிண்ட்ரோமில் அதுதான் முக்கியம். 1950களின் தொடக்கத்தில் யூட்டாவின் மரபியலாளர் எல்டன் கார்ட்னர் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து விவரித்த நோய். ஐந்தாம் குரோமோசோமிலுள்ள ஏபிசி (APC) மரபணு பழுதாகி, பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சிகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். கவனிக்காமல் விட்டால் நாற்பது வயதையொட்டிப் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவர்களில் பலருக்குத் தாடையில் எலும்பு புடைத்திருக்கும், அதிலும் கீழ்த்தாடைக் கோணத்தில். கூடுதல் பற்கள் இருக்கும். சில பற்கள் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே கிடக்கும். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கே இதெல்லாம் ஓபிஜி எனும் முழுத்தாடை எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடலாம்.

ஆகவே என் பரிந்துரை 'தாடை முற்குறி'. 'அறிகுறி' என்றால் நோய் முற்றி வெளியே தெரிகிறது என்ற தொனி வந்துவிடுகிறது.

தாடையில் எலும்பு புடைத்திருப்பதை ஆங்கிலத்தில் ஆஸ்டியோமா என்பார்கள்; அதற்கு 'எலும்புக்கட்டி' வேண்டாம். கட்டி என்றதும் நம் ஜனங்கள் கேன்சரா என்றுதான் கேட்பார்கள், இதுவோ தீங்கற்றது. 'எலும்புப் புடைப்பு' போதும். கூடுதல் பல்லுக்கு 'மிகைப்பல்'. யாரோ 'தெற்றுப்பல்' என்று எழுதியிருந்தார்கள். அது வரிசை தப்பிய பல், எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அதிர்ஷ்டம் என்று சொல்லி வளர்த்த பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? பாலிப் பாலிப்பாகவே இருக்கட்டும், எல்லாருக்கும் பழகிவிட்டது.

அப்புறம், கலைச்சொல் பட்டியலில் விளக்கம் எழுதுகிறவர் 'முற்குறிகள்' என்று பன்மையில் போட வேண்டும். ஒற்றை மிகைப்பல் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அதற்காக யாரையும் கொலனோஸ்கோபிக்கு, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப முடியாது. பல எலும்புப் புடைப்புகளும் மிகைப்பற்களும் சேர்ந்திருந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் குடல் புற்றுநோய் வந்திருந்தால், குடல் மருத்துவரிடம் அனுப்புவோம். பாலிப் தெரிந்தாலோ குடும்ப வரலாறு இருந்தாலோ மரபணுச் சோதனை. இந்த நிபந்தனை விளக்கத்திலேயே இடம்பெறுவதாக இருந்தால் 'தாடை முற்குறி'க்கு என் வாக்கு. இல்லையென்றால் உங்கள் 'குடல்புற வெளிப்பாடு' எவ்வளவோ மேல்.