பாட்டாக்க 86 பத்மினி, எனக்கு இன்னும் லைசன்ஸ் இல்ல, இதுலயே ஓட்டப் படிக்கலாமா?

இரணியல்_பத்மினி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 24, இரணியல் பக்கம் வீடு, போன வாரம்தான் எல்எல்ஆர் கையில கிடைச்சுது. எங்க பாட்டா 1986ல புதுசா எடுத்த பிரீமியர் பத்மினி கார் வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல ஒம்பது வருஷமா அசையாம நிக்கு. பாட்டா போயி ரெண்டு வருஷம் ஆச்சு, ஆர்சி இன்னும் அவருக்க பேருலதான். போன மாசம் ஒருத்தர் வந்து பாத்துட்டு எடைக்குப் போடுத ரேட்டு சொன்னாரு, அம்மைக்கும் குடுத்துடலாம்னு ஒரு யோசனை, நான்தான் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்கேன். அந்த முன்சீட்டு ஒரே நீளமா பெஞ்சு மாதிரி இருக்கும்லா, சின்னப்பிள்ளையில அதுல பாட்டாக்கும் பாட்டிக்கும் நடுவுல உக்காந்துதான் குமாரகோயிலுக்குப் போவேன், ஸ்டீயரிங் பக்கத்துல இருக்க கியரை அவரு ரெண்டு விரலால மாத்துதது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கு.

மாசம் எட்டாயிரம் வரை எடுத்து வைக்க முடியும். ஒரு ஒர்க்‌ஷாப்புல கேட்டதுக்கு முதல்ல பெயின்ட் அடிச்சிருவோம் பாக்கப் புதுசா ஆயிரும் மத்தது பொறவு பாக்கலாம்னு சொன்னாங்க. எனக்குக் கேக்க வேண்டியது ரெண்டு. வேலைய எங்க இருந்து தொடங்கணும்? இதுலயே ஓட்டப் படிக்கலாமா, இல்ல வேற வண்டியில படிச்சிட்டு வரணுமா?

கோட்டாறு_1100:

மக்களே, விக்காத. 1998ல இருந்து நான் ஒரு ஃபியட் 1100 வச்சிருக்கேன், உன் வண்டிக்கும் அதுக்கும் 1089 சிசி எஞ்சின்தான், மும்பை குர்லாவுல செஞ்ச ஒரே குடும்பம். ஆனா ரெண்டாவது கேள்விக்கு எனக்க பதில், இதுல படிக்கக்கூடாது. ஏன்னா புதுசா ஓட்டுத ஆளுக்கு இருக்க கவனம் முழுக்க ரோட்டுல இருக்கணும். இந்த வண்டியில நாலு வீலும் டிரம் பிரேக், இப்பம் உள்ள வண்டி மாதிரி லேசா கால் வச்சா நிக்காது, முன்கூட்டியே பாத்து நல்ல பலமா மிதிக்கணும், ஸ்டீயரிங்கும் நிறுத்தி வச்சுத் திருப்பினா கை வலிக்கும். கியரைத் தேடிட்டு இருக்க நேரத்துல முன்னால போற மினி பஸ் சடன் பிரேக் போட்டா என்ன செய்வ? டிரைவிங் ஸ்கூல் வண்டியில வாத்தியாரு பக்கத்துலயும் ஒரு பிரேக் உண்டு, அதுல கிளட்ச், ரிவர்ஸ், ஏத்தத்துல நிறுத்தி எடுக்கது எல்லாம் கை பழகி லைசன்ஸ் வாங்கு. அதுக்குப் பொறவு பத்மினிய எடுத்துட்டு காலம்பற அஞ்சரைக்கு, பழையாளு ஒருத்தரைப் பக்கத்துல வச்சு, ஆள் இல்லாத மட்ட ரோட்டுல ஓட்டு. முதல் கியர் வண்டி முழுசா நின்ன பொறவுதான் போடணும், ஓட்டத்துல போட்டா பல்லு கடிக்கும்.

நம்ம ஊரு ரோடு வேற. கிழக்க ஆரல்வாய்மொழி வரை மட்டம், காத்து மட்டும்தான் பிடிச்சுத் தள்ளும். மேக்க தக்கலை தாண்டி குலசேகரம் பக்கம் போனா ஏத்தமும் எறக்கமும்தான், ரப்பர் இலை விழுந்து மழையில ஊறிக் கிடக்கும். எறக்கத்துல காலை பிரேக்குலயே வச்சுட்டு எறங்கினா டிரம் சூடாகி பிரேக் பிடிமானம் குறைஞ்சிரும், எறக்கம் தொடங்கதுக்கு முன்னாலயே ரெண்டாவது கியர்ல போட்டு எஞ்சின் இழுவையில பைய எறங்கணும். இது உன் காலுக்குத் தன்னால வரும் வரை மேக்க கொண்டு போவாத.

மார்த்தாண்டம்_ஸ்பேனர்:

முப்பது வருஷம் ஃபியட்டும் அம்பாசிடரும் பாத்தவன் சொல்லுதேன், பெயின்ட் கடைசி வேலை. மொதல்ல நிக்கணும், பொறவு ஓடணும், அதுக்குப் பொறவுதான் மினுங்கணும். ஆசையில புது பேட்டரி போட்டு சாவி திருப்பிராதம்மா, ஒம்பது வருஷம் நின்ன எஞ்சின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டியிருக்கும். பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊத்தி ரெண்டு நாள் விட்டுட்டு, முன்னால புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால பைய சுத்திப் பாருங்க. சுத்தினா பாதி ஜெயிச்சாச்சு. டேங்க்ல கிடக்க பெட்ரோல் இப்பம் பெட்ரோல் இல்ல, மூடியத் திறந்தா வார்னிஷ் மணம் வரும், முழுசா எறக்கி டேங்க்கைக் கழுவணும். ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்துங்க, இப்பம் வார பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம், அந்தக் காலத்து ரப்பரை அது ஊற வச்சுப் பிய்க்கும், எத்தனால் தாங்குத ஹோஸ் கேட்டு வாங்குங்க. கார்பரேட்டருக்கு ரிப்பேர் கிட், பெட்ரோலை இழுத்துக் குடுக்குத ஏசி பம்புக்கு டயாஃப்ரம், பிளக்குக்குக் கரண்டைப் பிரிச்சு விடுத டிஸ்ட்ரிபியூட்டருக்கு பாயின்ட்டும் கண்டென்சரும், இதெல்லாம் பெரிய செலவு கிடையாது.

பிரேக்குக்குக் கஞ்சத்தனம் பாக்காதீங்க. நாலு டிரம்மையும் கழட்டினா வீல் சிலிண்டர் துரு பிடிச்சு இறுகியிருக்கும், ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கி மிதிச்ச பிரேக் திரும்ப விடாது, எல்லாத்தையும் புதுசு போடணும். போட்டு முடிச்சுட்டு, வண்டிய நிறுத்தி வச்சு பெடலை ஒரு நிமிஷம் அழுத்தியே பிடிங்க. கால் பைய கீழ எறங்கிட்டே போனா எங்கயோ லீக் இருக்கு, அந்த வண்டிய கேட்டுக்கு வெளிய எடுக்கக்கூடாது. பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுத மாஸ்டர் சிலிண்டரையும் பாத்துக்கிடுங்க, முன்னுக்கும் பின்னுக்கும் சேத்து ஒரே லைன்தான்னா ஒரு ஹோஸ் பொட்டினாலே நாலு வீலும் போச்சு. முன்வீலைத் திரும்ப விடுத கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறக்காதீங்க. இங்க கிடைக்காத சாமான் சென்னை புதுப்பேட்டையில தேடினா கிடைக்கும்.

குளச்சல்_உப்புக்காத்து:

பெயின்டை ஏன் கடைசியில வைக்கணும்னு நானும் சொல்லுதேன், கடலோரத்துல இருக்கவங்களுக்கு இது அனுபவம். எனக்க வண்டிய வாங்கும்போது மின்னிட்டு இருந்துது. ஒரு சின்ன காந்தத்தை துணியில சுத்தி பாடி முழுக்க ஒட்டிப் பாத்தேன், ரன்னிங் போர்டுலயும் பின் மட்கார்டு வளைவுலயும் காந்தம் பிடிக்கவே இல்ல, உள்ள தகடு இல்ல, பள்ளத்தை அடைக்கப் பூசுத பட்டிதான் விரல் கனத்துக்கு. நீங்களும் காந்தம் வச்சுப் பாருங்க, பொறவு மேட்டைத் தூக்கிட்டு ஃப்ளோரை ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்க. கதவுக்க அடியில தண்ணி வடிய சின்ன ஓட்டை உண்டு, இலையும் மண்ணும் அடைச்சா தண்ணி உள்ள நின்னு கதவு அடியில இருந்து அரிச்சிரும், ஒரு கம்பிய விட்டு சுத்தம் பண்ணுங்க. நம்ம ஊருல ஆனி ஆடியிலயும் மழை ஐப்பசியிலயும் மழை, மண்தரையில நிக்க வண்டிக்கு ஈரம் கீழ இருந்து ஏறும், மேல தார்ப்பாய் போட்டு மூடினா அந்த ஈரம் போக வழி இல்லாம இன்னும் மோசம். சிமென்ட் தரை, மேல கூரை, நாலு பக்கமும் காத்து, அது போதும்.

தக்கலை_ஆர்சி:

தங்கச்சி, பேப்பரையும் இப்பமே தொடங்குங்க. உரிமையாளர் இறந்துட்டா பேரு மாத்த ஃபார்ம் 31, கூட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகளுக்க சம்மதம் எல்லாம் வேணும். மூணு மாசத்துக்குள்ள செஞ்சிருக்கணும், லேட் ஆனதுக்கு அபராதம் கட்ட வேண்டி வரும், அதுக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க. ஆர்சி 15 வருஷம் கழிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும், அதுக்கு ஃபார்ம் 25, வண்டியக் கொண்டு போய்க் காட்டணும், அதனால பிரேக்கும் லைட்டும் முதல்ல சரியா இருக்கணும். இன்ஷூரன்ஸ் இல்லாம ரோட்டுல ஒரு அடி கூட எடுக்காதீங்க. விண்டேஜ்னு பதிஞ்சா எளுப்பம்னு யாராவது சொல்லுவாங்க, 2021ல வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின, எதையும் மாத்தாத வண்டிக்குத்தான் அது, உங்களுக்கு 2036 ஆகணும். அதுலயும் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. மாருதி எஞ்சின் போட்டுத் தாரேன்னு யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லிருங்க, பாட்டா வாங்கின எஞ்சின் அதுலயே இருக்கட்டும்.

இரணியல்_பத்மினி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தையும் அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன், எடைக்குப் போடுத பேச்சு இப்பம் இல்ல. டிரைவிங் ஸ்கூல்ல பணம் கட்டியாச்சு, திங்கக்கிழமை முதல் கிளாஸ். நேத்து கம்பிய விட்டு கதவு ஓட்டையக் கிளறினேன், டிரைவர் பக்கக் கதவுல இருந்து ஒரு கை நிறைய பிலா இலைப் பொடியும் கறுத்த மண்ணும் வந்துது. காந்தம் மேல எல்லா இடத்துலயும் பிடிச்சுது, பின்சீட்டுக்கு அடியில ஃப்ளோர்ல மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஸ்பேனர் அண்ணாச்சி, பிளக்கைக் கழட்டி ஆயில் ஊத்தியாச்சு. மூணு பிளக் கையோட வந்துது, நாலாவது அசையவே இல்ல, பலமா திருகினா உடைஞ்சிருமோன்னு விட்டுட்டேன்.

மார்த்தாண்டம்_ஸ்பேனர்:

விட்டது நல்லது. பிளக்கைச் சுத்தி துருவ எளக்குத எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைங்க, மறுநாள் இறுக்கத பக்கம் ஒரு மயிரிழை, லூசாக்குத பக்கம் ஒரு மயிரிழைன்னு மாத்தி மாத்தித் திருகுங்க. அப்பமும் வரலேன்னா தொடாதீங்க, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பாக்கேன்.